விருது விழாவுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள்: இரண்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

சென்னையில் இயங்கும் ஒரு சிறுதொழில் சங்கத்தின் விழாக்குழுவில் இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் நடத்தும் விருது வழங்கும் விழாவுக்குத் தற்காலிகப் பணியாளர்களை ஏற்பாடு செய்வதும், அன்று மாலை அவர்களை வேலை வாங்குவதும் கடந்த இரண்டு ஆண்டுகளாக என் பொறுப்பு. முதல் ஆண்டு ஒரு மேன்பவர் ஏஜென்சியிடமும், அடுத்த ஆண்டு வேறொன்றிடமும் ஆட்களை எடுத்தோம். முதலாவது எங்களைக் கைவிட்டது. இரண்டாவது, சில குறைகள் இருந்தாலும், விழாவைக் காப்பாற்றியது. குறைகளையும் எழுதப்போவதால் இரண்டின் பெயரையும் சொல்லவில்லை. இத்தகைய சேவையைத் தேடுகிற வேறொரு சங்கமோ பள்ளியோ அறக்கட்டளையோ எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் பயன்பட்டால் போதும்.

விழாவின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 900 பேர் அமரும் அரங்கு, 34 விருதுகள், மாலை 5.30 மணிக்குத் தொடங்கி இரவு 9.45 வரை நிகழ்ச்சி. வரவேற்பு மேசைக்கு 8 பேர், இருக்கை காட்ட 12 பேர், மேடையில் தட்டு ஏந்தவும் விருதாளரை அழைத்து வரவும் 6 பேர், ஓடி ஆடி வேலை பார்க்கும் ரன்னர்கள் 4 பேர், வாகன நிறுத்தத்துக்கு 6 பேர், வாசலில் பாதுகாவலர்கள் 4 பேர் என்று மொத்தம் 40 பேர் தேவை. இவர்களில் பாதுகாவலர்களைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் கல்லூரி மாணவர்கள். விடுமுறை நாளில் கைச்செலவுக்கோ, வீட்டுச் செலவுக்கோ, அடுத்த பருவக் கட்டணத்துக்கோ சம்பாதிக்க வருகிறவர்கள்.

முதல் ஆண்டு 40 பேருக்குப் பேசி, முன்பணமும் கொடுத்திருந்தோம். பிற்பகல் 2 மணிக்கு வரவேண்டியவர்களில் 4 மணி வரையிலும் 31 பேர்தான் வந்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லப்பட்டவர் அரங்குக்கு வரவேயில்லை. தொலைபேசியில் 'வழியில இருக்காங்க சார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் பேசிய நிறுவனம் வேலையை இன்னொருவரிடம் கொடுக்க, அவர் வேறு இருவரிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதை நாங்களே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் விழா வைத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வளர்பிறை முகூர்த்த நாள். திருமண மண்டபங்களில் பன்னீர் தெளித்து வரவேற்கவும் பந்தியில் பரிமாறவும் அழைக்கப்படுகிறவர்கள் இதே மாணவர்கள்தான். மண்டபத்தில் நூறு ரூபாய் கூடக் கிடைக்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும் என்றால் அங்கேதான் போவார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது நிறுவனத்தின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்ததே இந்த இடத்தில்தான். தேதியைச் சொன்னவுடன் எதிர்முனையில் பேசிய பெண், 'சார், அன்னைக்கு முகூர்த்தம் இருக்கு, பார்த்தீங்களா?' என்று கேட்டார். ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் கல்யாணங்கள் குறைவான மாதங்கள்; மார்கழியில் சபாக்களில் கச்சேரிகள் நடப்பதால் நல்ல அரங்கு கிடைப்பது கடினம்; ஆகவே மழை வலுப்பதற்கு முன் புரட்டாசியில் ஒரு ஞாயிறு பாருங்கள் என்று அவரே யோசனை சொன்னார். தேதியை மாற்றினோம். அரங்கத்தாரும் வாடகையில் சிறிது குறைத்துக்கொண்டார்கள். 40 பேர் கேட்டோம், 40 பேரும் வந்தார்கள்.

அந்தப் பெண்மணியே எங்கள் விழாவுக்கு மேற்பார்வையாளராகவும் வந்தார். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அவருக்கே உரியது. விழாவுக்கு நான்கு நாள் முன்னதாக அரங்குக்கு வந்து, மேடைக்கு ஏறும் இரண்டு படிக்கட்டுகளிலும் தாமே ஏறி இறங்கிப் பார்த்தார். இடப்பக்கப் படிக்குக் கைப்பிடி இல்லை என்பதைக் கவனித்து, வயதான விருதாளர்கள் ஏறும்போது ஒருவர் கீழ்ப்படியிலும் ஒருவர் மேற்படியிலும் நிற்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். எங்களிடம் இருந்த நிகழ்ச்சி நிரலில் '1 முதல் 8 வரை விருதுகள்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். அது போதாது என்றார். ஒவ்வொரு விருதுக்கும் தனி வரி, அதில் யார் தருகிறார், யார் பெறுகிறார், அவர் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார், பொன்னாடை முதலிலா கேடயம் முதலிலா, வேறொருவர் சார்பில் பெறுகிறாரா என்பது வரை எழுதி வாங்கிக்கொண்டார். 34 வரிகளை நிரப்ப எங்கள் குழுவுக்கு இரண்டு இரவுகள் ஆயின. எழுதும்போதுதான் இரண்டு விருதாளர்களுக்கு ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் இருப்பதைக் கண்டுபிடித்தோம்.

ஒத்திகையை இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். தட்டு ஏந்தும் ஆறு பெண்களும் முந்தின நாள் மாலை வந்திருந்தார்கள். கேடயங்கள் இன்னும் செய்பவரிடமிருந்து வந்து சேரவில்லை. வெறும் தட்டோடு நடந்து பழகினால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். மேற்பார்வையாளர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை வைத்து, அதன்மேல் ஒரு துண்டையும் மடித்துப் போட்டு நடக்கச் சொன்னார். பட்டுப்புடவையோடும், மேடையின் எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போதும், இரண்டு கிலோ எடையை மார்புக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, பிரமுகர் ஒரு நிமிடம் பேசி முடிக்கும் வரை அசையாமல் நிற்பது என்பது கை நடுங்கும் வேலை. மூன்றாவது சுற்றில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு தளர்வதைப் பார்த்துவிட்டு, 'பாப்பா, முழங்கையை இடுப்போட ஒட்டி வெச்சுக்கோ, பாரம் தோளுக்குப் போயிடும்' என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் அந்தப் பெண் ஐந்து முறை மேடையேறினார். ஒருமுறைகூடத் தட்டு சாயவில்லை.

கேடயங்களை அடுக்கி வைத்த மேசை மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு கேடயத்தின் அடியிலும் காகித ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டி, அதே எண்ணை மேசைவிரிப்பின் மேலும் எழுதி, மேசைக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அந்த மாணவியைத் தவிர வேறு யாரும் கேடயத்தைத் தொடக் கூடாது. எங்கள் தலைவரானாலும் தொடக் கூடாது. 2017ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் நேர்ந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அங்கே முடிவுகள் அடங்கிய உறைகளை இரண்டு தொகுதிகளாகத் தயாரித்து, மேடையின் இருபுறமும் ஆளுக்கு ஒரு தொகுதியாகக் கணக்காயர்கள் வைத்திருந்தார்கள். சிறந்த நடிகைக்கான விருது ஒரு பக்கத்து உறையைக் கொண்டு அறிவிக்கப்பட்டபின், மறுபக்கத்தில் மிஞ்சியிருந்த அதே விருதின் உறையைச் சிறந்த படத்துக்கானது என்று எடுத்துக் கொடுத்துவிட்டதால், தவறான படம் அறிவிக்கப்பட்டு, அதன் குழுவினர் மேடையில் நன்றி சொல்லத் தொடங்கியபின் திருத்த வேண்டியதாயிற்று. அவர்கள் அனுபவமுள்ள நிபுணர்கள்; தற்காலிகப் பணியாளர்கள் அல்லர். அப்படிப்பட்டவர்களுக்கே நேரக்கூடிய பிழைக்கு, இருபது வயது மாணவியிடம் இடம் வைக்காமல் வேலையை அமைத்துக்கொடுத்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். அன்று 19ஆம் விருதுக்குரியவர் போக்குவரத்து நெரிசலில் சிக்கி வரவில்லை. 20ஐ முன்னால் கொண்டு வரச் சொல்லித் தொகுப்பாளர் சைகை காட்டினார். 19ஆம் எண் கேடயம் தன் எண்ணின் மேலேயே அசையாமல் இருக்க, 20 மேடைக்குப் போனது. முந்தின ஆண்டு இதே நிலையில் மூன்று கேடயங்கள் மாறிப்போய், விழா முடிந்தபின் விருதாளர்களின் வீடுகளுக்குச் சென்று மாற்றிக்கொடுத்தோம்.

இருக்கை காட்டும் பணியில் முதல் ஆண்டு நடந்த ஒன்றை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. முன்வரிசைகள் முழுவதும் பிரமுகர்களுக்கு என்று பொதுவாகச் சொல்லியிருந்தோமே தவிர, யார் யார் என்ற வரைபடம் எதையும் மாணவர்களிடம் கொடுக்கவில்லை. விருது பெற வந்த ஒருவரின் தாயாரை ஒரு மாணவர் மூன்றாம் வரிசையிலிருந்து எழுப்பினார். ஐந்தாம் வரிசையில் அமர்ந்தவரை இன்னொருவர் மறுபடியும் எழுப்பினார். அந்த அம்மா எதுவும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனதைப் பார்த்தேன். பிழை எங்களுடையது, அவமானம் அந்த அம்மாவுக்கும், திட்டு வாங்கிய மாணவருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது நிறுவனம் முதல் ஐந்து வரிசைகளுக்கும் பெயர் ஒட்டச் சொன்னது. அமர்ந்தவரை எழுப்ப வேண்டி வந்தால் மாணவர்கள் எழுப்பக் கூடாது, விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்துதான் பேச வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. ஆள் அனுப்பும் நிறுவனம் வாடிக்கையாளருக்கு நிபந்தனை போடுவது எங்கள் குழுவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது மிகவும் சரியாகப்பட்டது.

இந்த நிறுவனம் கூடுதல் கட்டணத்துக்கு 'ஆடியன்ஸ்' ஏற்பாடு செய்யவும் முன்வந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் சேர்த்துத் தருவது இங்கே பழகிய தொழில். ஆஸ்கர் விழாவிலும் நட்சத்திரங்கள் எழுந்து போகும்போது காலி இடம் கேமராவில் தெரியாமல் இருக்க ஆட்களை அமர்த்துகிறார்கள். எங்கள் விழாவுக்கு அது தேவைப்படவில்லை. வேண்டாம் என்றதும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள்.

கூலியைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. முதல் நிறுவனம் ஆளுக்கு 1,300 ரூபாய் வீதம் பேசியது. 31 பேர் வந்த விழாவுக்கு 40 பேருக்குரிய 52,000 ரூபாய்க்கு பில் அனுப்பியது. வாதாடி 40,300 ரூபாயாகக் குறைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு மாணவர் அழைத்தார். அழைப்பிதழின் பின்புறம் அச்சாகியிருந்த என் எண்ணைப் பார்த்துப் பேசுவதாகச் சொல்லி, 'சார், எங்க பேமெண்ட் இன்னும் வரல' என்றார். நாங்கள் பணத்தைக் கொடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவர்களுக்குப் பேசப்பட்டிருந்தது ஆளுக்கு 600 ரூபாய்; அதுவும் போய்ச் சேரவில்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்ட நெறி. ஓர் இரவு வேலைக்கு அந்த நெறி எழுத்துப்படி பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். எங்கள் மேடையில் நின்று, எங்கள் விருந்தினரை வரவேற்றவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை என்பதில் வாதம் எதுவும் இல்லை. சங்கம் 31 பேருக்கும் 600 ரூபாயை நேரடியாக அனுப்பியது. நிறுவனத்திடமிருந்து அந்தத் தொகையைத் திரும்ப வாங்க மேலும் ஐந்து மாதங்கள் ஆயின.

அதனால் அடுத்த ஆண்டு விலையைப் பேசுவதற்கு முன்பே, பணியாளர் கைக்கு எவ்வளவு, எப்போது என்று கேட்டோம். இரண்டாவது நிறுவனம் ஆளுக்கு 1,650 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கேட்டது, மொத்தம் 77,880 ரூபாய். அதில் 1,100 ரூபாய் பணியாளருக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தது. விழா முடிந்து பெயர்ப்பட்டியலில் கையெழுத்து வாங்கும்போதே ஒவ்வொருவருக்கும் அலைபேசி வழியாகப் பணம் அனுப்பினார்கள், இரவு 10.30க்குள் 40 பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் நிறுவனத்தைவிட இது விலை அதிகம்தான். எங்கள் பொருளாளர் முதலில் தயங்கினார். கையில் பணம் வந்த மாணவர்கள் அரங்க வாசலில் நின்று ஒருவருக்கொருவர் அலைபேசியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பாடு, ஓய்வு, வீடு திரும்புதல் ஆகிய மூன்றையும் விழா நடத்துகிறவர்கள் கடைசியில் நினைப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். முதல் ஆண்டு விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சியதுதான் பணியாளர்களுக்கு, இரவு 10.15க்கு மோர்சாதமும் ஊறுகாயும் மட்டும் இருந்தன. பெண்கள் உடை மாற்றிக்கொள்ள அறை ஒதுக்காததால் கழிவறையில் புடவை கட்டினார்கள். இம்முறை, கதவு திறப்பதற்கு முன் 4 மணிக்கே எல்லோருக்கும் சாப்பாடு, தாழ்ப்பாள் உள்ள தனி அறை, ஒவ்வொரு நுழைவாயிலின் உட்புறமும் இரண்டு நாற்காலிகள் என்று நிறுவனமே பட்டியல் கொடுத்தது. நாற்காலியை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் பெண்களை மனத்தில் வைத்து, கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. விழாவில் விருந்தினர் எல்லோரும் அமர்ந்து விளக்கு அணைந்தபின் கதவருகே நிற்கும் மாணவி அரைமணி நேரம் உட்கார்ந்தால் எந்தக் கேமராவிலும் தெரியப்போவதில்லை. ஐந்து மணி நேரம் குதிகால் உயர்ந்த செருப்பில் நின்றவரின் கால் எப்படி வீங்கியிருக்கும் என்பதை முதல் ஆண்டு நான் கண்ணால் பார்த்தேன். செருப்பைக் கழற்றியவர் அதை மறுபடி போட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் பணியில் இருப்பதற்கு அவர்களின் எழுத்துபூர்வமான ஒப்புதலையும் நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வேனும், தாம்பரம் பக்கம் ஒரு வேனும் 10.40க்குப் புறப்பட்டன. மெட்ரோ ரயில் 11 மணியோடு நின்றுவிடுகிற ஊரில், இதை மாணவிகளின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது மிகப் பெரிய பொறுப்பின்மை. கடைசி மாணவி வீட்டு வாசலில் இறங்கிய செய்தி மேற்பார்வையாளரிடமிருந்து எனக்கு 11.50க்கு வந்தது.

இனிக் குறைகள். பாதுகாவலர்கள் நால்வரையும் இந்த நிறுவனம் வேறிடத்திலிருந்து எடுத்து அனுப்பியது; அதை எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தனியார் பாதுகாவலர்களை அனுப்பும் நிறுவனம் 2005ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தின் நகலைக் கேட்டோம்; விழா முடிந்த பிறகுதான் வந்தது. அம்பத்தூரில் நாற்பது ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தும் ஒரு பெரியவர், அன்று வாழ்நாள் சாதனையாளர் விருது பெற இருந்தவர், வேட்டி சட்டையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். அழைப்பிதழை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். வாசலில் நின்ற பாதுகாவலர் அவரை உள்ளே விடவில்லை. காரில் வந்த பலரை அழைப்பிதழ் கேட்காமலேயே விட்டதை அந்தப் பெரியவரும் பார்த்திருக்கிறார். இருபது நிமிடம் வெளியே நின்றபின் ஒரு ரன்னர் தற்செயலாகப் பார்த்து, கையிலிருந்த விருதாளர் படப்பட்டியலோடு முகத்தை ஒப்பிட்டு அழைத்து வந்தார். பாதுகாவலர்களிடம் அந்தப் பட்டியல் கொடுக்கப்படவேயில்லை. மேற்பார்வையாளரின் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்படவும் இல்லை. பெரியவர் மேடையில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. மறுநாள் நானும் தலைவரும் பட்டறைக்கே சென்று மன்னிப்புக் கேட்டோம்.

வரவேற்பு மேசையில் இருந்தவர்களில் இருவருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரவில்லை. திருப்பூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்கள் இருக்கை எண்ணைக் கேட்டுத் தடுமாறின. வாகன நிறுத்தத்தில் நின்ற பையன்களுக்குக் கறுப்புக் கோட்டு அணிவித்திருந்தார்கள்; புரட்டாசி வெயிலில் மாலை 4 மணிக்கு அது தேவையற்ற கொடுமை. நானே சொல்லிக் கழற்ற வைத்தேன். ஒத்திகை நாளுக்கு என்று தனியாக 4,800 ரூபாய் பில்லில் சேர்ந்திருந்தது; கேட்டால் ஆறு பேருக்கு ஆளுக்கு 800 என்றார்கள். தொகை நியாயமானதுதான், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வரும் புரட்டாசிக்கும் இதே நிறுவனத்திடம் 36 பேருக்குப் பேசியிருக்கிறோம். பாதுகாவலர்களை மட்டும், உரிமத்தை முதலில் காட்டிய வேறொரு நிறுவனத்திடம் எடுக்கிறோம்; அவர்களும் மேற்பார்வையாளரின் கீழேயே வருவார்கள், விருதாளர்களின் படப்பட்டியல் வாசலிலும் இருக்கும். அதே மேற்பார்வையாளர் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதச் சொன்னோம், எழுதிவிட்டார்கள். அவர் வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரிக்கு மட்டும் நிறுவனம் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது.